சேலத்தில் செயற்கைக் கால், காலிப்பர் நிலையம் தொடங்குபவர்களுக்கு

செயற்கைக் கால் நிலையத்தில் பாதி வேலை, காலைக் கையில் கொடுத்த பிறகுதான் வருகிறது. ஸ்டம்ப், அதாவது வெட்டியது போக மீதியுள்ள கால், சுருங்கும். ஸ்டம்புக்கு மெத்தையாக இருக்கும் லைனர் நைந்துபோகும். பட்டை அறுந்துபோகும். ஸ்டம்ப் உட்காரும் கூடான சாக்கெட், காலையில் சரியாக இருந்தது மாலையில் தளரும். இத்தனைக்கும் அந்த மனிதர் உங்களிடம்தான் வந்தாக வேண்டும். அதனால் இடம், இயந்திரம், விலை என எதை முடிவு செய்தாலும், ஒருவர் பலமுறை வந்து போகச் சிரமமில்லாத இடமாக இது இருக்குமா என்று முதலில் பாருங்கள்.

ஆளும் காகிதமும்

இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம், 1992-ன்படி, மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் இந்தத் தொழிலைச் செய்யலாம். அதற்கான பட்டப்படிப்பு, ஆறு மாதப் பயிற்சியோடு சேர்த்து நான்கரை ஆண்டு. பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டுமே கிடைக்கலாம். நீங்கள் படித்தவர் இல்லை, முதலீடு மட்டும் போடுகிறவர் என்றால், பதிவு பெற்ற ஒருவரை முழுநேரமாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள். வாரத்துக்கு ஒரு நாள் வந்து கையெழுத்துப் போட்டுப் போகிறவரை நம்பித் தொடங்கினால், மற்ற நாட்களில் புண்ணோடு வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

மற்ற காகிதங்கள் எல்லாச் சிறுதொழிலுக்கும் உள்ளவையே: உத்யம் என்ற சிறுதொழில் பதிவு, மாநகராட்சித் தொழில் உரிமம், ஜி.எஸ்.டி. செயற்கை உறுப்புகளும், பலவீனமான காலைத் தாங்கும் காலிப்பர்களும் ஜி.எஸ்.டி. பட்டியலில் 9021 என்ற தலைப்பில் வருகின்றன. நீங்கள் வாங்கும் பிளாஸ்டிக் ஷீட், ரெசின் ஆகியவற்றுக்கு வரி கூடுதலாக இருக்கும். அந்த வித்தியாசத்தை எப்படித் திரும்பப் பெறுவது என்று ஆடிட்டரிடம் முதல் மாதமே பேசிவிடுங்கள். மானியக் கடனுக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம்.

இடம்

தரைத்தளம் கட்டாயம். மாடியில் வாடகை குறைவு என்று போகாதீர்கள். ஆத்தூர், ஓமலூர், மேட்டூர், ஏற்காடு என எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் பஸ்ஸில்தான் வருவார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி ஊன்றுகோலோடு நடக்கும் தூரம் குறைவாக இருக்க வேண்டும். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையைச் சுற்றிய பகுதியும், ஐந்து ரோட்டை ஒட்டிய பகுதியும் இதற்குத் தோதானவை.

வாசலில் சாய்தளம் வைக்கும்போது ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கை விட்டுக்கொடுக்காதீர்கள். கழிப்பறைக் கதவு சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் இருக்க வேண்டும். உள்ளே கைப்பிடி வேண்டும். உள்ளே மூன்று பகுதி: அளவெடுக்கும் அறை, நடைப் பயிற்சி இடம், பட்டறை. பட்டறைத் தூசி மற்ற இரண்டுக்கும் வரக்கூடாது. நடைப் பயிற்சிக்கு உயரத்தை மாற்றக்கூடிய இணைக் கம்பிகள், குறைந்தது மூன்றரை மீட்டர் நீளத்தில் வேண்டும். எதிரே ஆளுயரக் கண்ணாடி, பக்கத்தில் நான்கு படிகள், ஒரு சரிவுப் பலகை. சரிவுப் பலகையை வேண்டாத செலவு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஏற்காட்டிலிருந்து வரும் எஸ்டேட் தொழிலாளிக்குச் சமதளத்தில் மட்டும் நடையைப் பார்த்து அனுப்பினால், காப்பித் தோட்டத்துச் சரிவில் அவர் முதல் நாளே தடுமாறுவார்.

மாவுக்கட்டு கழுவும் தொட்டிக்கு அடியில் கட்டாயம் ஒரு வண்டல் வாளி வையுங்கள். பிளாஸ்டர் தண்ணீரை நேராகச் சாக்கடையில் விட்டால் குழாய்க்குள் கல்லாக இறுகிவிடும். பிறகு தரையை உடைப்பதைத் தவிர வழியில்லை.

பட்டறைக்கு என்ன வேண்டும்

தொடக்கத்துக்கு இவை போதும்: பெரிய ஷீட்டைப் படுக்கை வசமாக வைக்கும் ஓவன், வேக்குவம் பம்ப், ஸ்டம்பின் பிளாஸ்டர் அச்சைப் பிடிக்கும் பைப் வைஸ், சாக்கெட்டின் உள்பக்கம் தேய்க்கும் ரூட்டர், கட்டு வெட்டும் அதிர்வு ரம்பம், ஜிக்சா, ஹீட் கன், டிரில், தோல் தைக்கும் மெஷின், தூசி உறிஞ்சி. ஓவனை உள்ளூர் ஃபேப்ரிகேட்டரிடம் சொல்லிச் செய்யலாம். ஆனால் வெப்பக் கட்டுப்பாடு நம்பகமானதாக இருக்க வேண்டும். 20 டிகிரி தவறினாலே ஷீட் வீண்.

வேக்குவம் பம்போடு ஒரு சேமிப்புத் தொட்டியும் வாங்குங்கள். ஷீட்டை அச்சின் மேல் போட்ட அந்த நொடியில் கரண்ட் போனால், தொட்டியில் இருக்கும் வெற்றிடம்தான் வேலையைக் காப்பாற்றும்.

பாதம், குழாய், இவற்றை இணைக்கும் அடாப்டர் போன்ற பாகங்களை வெளியூரிலிருந்து தருவிக்க வேண்டும். இடது, வலது, அளவு என்று பாதங்கள் பிரிவதால் எல்லாவற்றையும் இருப்பு வைக்க முடியாது. அதிகம் போகும் 24, 25, 26 செ.மீ. பாதங்களில் இரு பக்கமும் ஒன்றிரண்டு வைத்துக்கொண்டு, மற்றதை ஆர்டர் பேரில் வாங்குங்கள். நடக்கும் காலின் பாகங்களுக்கு வலிமைச் சோதனை தரநிலை ஐ.எஸ்.ஓ. 10328. அந்தச் சான்றும், எத்தனை கிலோ எடைவரை தாங்கும் என்ற குறிப்பும் இல்லாத பாகத்தை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். ஆள் விழுந்தால் விழுவது ரோட்டில்.

பட்டை, பக்கிள், ரிவெட், ரெக்சின் எல்லாம் சேலத்திலேயே கிடைக்கும். நல்ல தோல் வேண்டுமானால் ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் போகலாம்.

முதல் ஆண்டு எதைச் செய்வது

காலிப்பர், பாதத் தாங்கி, முதுகு பெல்ட், சர்க்கரை நோயாளிச் செருப்பு ஆகியவற்றோடு முட்டிக்குக் கீழான செயற்கைக் கால். இவ்வளவு போதும். முட்டிக்கு மேலான கால், கை ஆகியவற்றை முதல் ஆண்டில் எடுக்காதீர்கள்; அனுபவமுள்ள பெரிய மையத்துக்கு அனுப்புங்கள். முட்டிக்கு மேல் என்றால் சாக்கெட்டின் மேல் விளிம்பு இடுப்பெலும்போடு சரியாகப் பொருந்த வேண்டும், முட்டி மூட்டும் நம்பத்தகுந்ததாக இருக்க வேண்டும். அதில் பழகும் இடமாக நோயாளியின் உடம்பு ஆகக்கூடாது.

ரெடிமேட் பெல்ட், கழுத்துக் காலர், முட்டி உறை போன்றவை தினசரி வாடகைப் பணத்தைத் தரும். அளவு பார்த்து, போட்டுக் காட்டி, இரண்டு நிமிடம் நடக்கவிட்டுக் கொடுத்தால், மருந்துக் கடையில் வாங்குவதைவிட உங்களிடம் வருவார்கள்.

அரசு இலவசமாகக் கொடுக்கும்போது நம்மிடம் யார் வருவார்கள் என்று புதியவர்கள் பயப்படுகிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் அடிப் திட்டம் 1981 முதல் நடக்கிறது; மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகவும் செயற்கைக் கால் கிடைக்கிறது. தகுதி உள்ளவரிடம் இதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அங்கே வாங்கிய காலுக்கும் லைனர், பட்டை, ஸ்டம்பில் போடும் உறை, பாதம் மாற்ற வேண்டிவரும். அந்த வேலைக்கு அவர் உங்களிடம் வருவார், நாலு பேரிடம் சொல்லவும் செய்வார்.

அளவெடுக்கும் முன்

தையல் முழுதும் ஆறியிருக்க வேண்டும். வீக்கம் வடிந்திருக்க வேண்டும். அறுவை முடிந்து ஆறு முதல் எட்டு வாரம் என்பது பொதுக் கணக்கு; சர்க்கரை நோயாளிக்கு இன்னும் தள்ளிப்போகும். அதுவரை கிரேப் பேண்டேஜை எட்டு வடிவில், நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் சுற்றக் கற்றுக்கொடுங்கள். வட்டமாகச் சுற்றினால் நுனியில் ரத்தம் தேங்கி, ஸ்டம்ப் பம்பரம் போல ஆகிவிடும். எந்தச் சாக்கெட்டும் உட்காராது. முட்டிக்கு அடியில் தலையணை வைத்துப் படுப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். முட்டி மடங்கியே இறுகிப்போனால் நேராக நிற்க வைப்பது பெரும்பாடு.

சர்க்கரையால் காலை இழந்தவர் என்றால் இருக்கும் இன்னொரு காலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 10 கிராம் மோனோஃபிலமெண்ட் நூலால் உள்ளங்காலில் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். உணர்ச்சி இல்லையென்றால், எம்.சி.ஆர். என்ற மென்மையான ரப்பர் தட்டு வைத்த, பின்பட்டை உள்ள செருப்பு அன்றே எழுதிக்கொடுக்க வேண்டும். அந்தக் காலையும் காப்பாற்றுவது செயற்கைக் கால் செய்வதைவிடப் பெரிய வேலை.

பிறகு அவர் என்ன வேலை செய்கிறார் என்று விரிவாகக் கேளுங்கள். அம்மாப்பேட்டை, குகைப் பக்கத்து நெசவாளி குழித்தறியில் மிதிப்பலகையை மிதிக்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். முட்டிக்குக் கீழ் கால் போட்டவர் சம்மணம் போடும்போது சாக்கெட்டின் பின்விளிம்பு தொடையில் குத்தும். அதைச் சற்று இறக்கி, விளிம்பை வெளிப்பக்கம் வளைத்துவிட வேண்டும். நம் வீடுகளில் செருப்பை வாசலில் விட்டுத்தான் உள்ளே போகிறோம். ஷூவின் குதி உயரத்துக்குப் பொருத்திய காலோடு வெறுங்காலில் நடந்தால் முட்டி பின்னால் தள்ளப்படும். வீட்டுக்குள் வெறுங்காலாக இருப்பவருக்குத் தட்டைப் பாதம் வைத்துப் பொருத்தி, வெளியே குதி இல்லாத, பின்பட்டை வைத்த செருப்புப் போடச் சொல்லுங்கள். வெறுங்காலில் நடக்கவும் குந்தி உட்காரவும் 1968-ல் உருவான ஜெய்ப்பூர் பாதம் இன்றைக்கும் நல்ல தேர்வு. சேற்றில் இறங்குபவருக்கும் அதையே சொல்லலாம்.

மாவுக்கட்டிலிருந்து சாக்கெட் வரை

1. ஸ்டம்பில் மெல்லிய பருத்தி உறை போட்டு, நனைத்தால் அச்சுப் பதியும் காப்பியிங் பென்சிலால் குறியிடுங்கள்: முட்டிச் சில்லு, அதன் கீழ் தசைநார், வெளிப்பக்கச் சிறு எலும்பின் தலை, முன்னெலும்பின் கூர்விளிம்பு, எலும்பு நுனி.

2. தசைநார் நடுவிலிருந்து கீழ்நோக்கி 5 செ.மீ.க்கு ஒரு சுற்றளவு எடுங்கள். முட்டியின் அகலம், ஸ்டம்பின் நீளம், மற்ற காலில் முட்டி இடுக்கிலிருந்து தரைவரை உயரம், பாத நீளம், உடல் எடை. எல்லாம் ஒரே தாளில், தேதியோடு.

3. முட்டியை லேசாக மடக்கித் தளர்வாக வைக்கச் சொல்லி, 15 செ.மீ. பிளாஸ்டர் பேண்டேஜ் இரண்டு அல்லது மூன்று சுருள் சுற்றுங்கள். இரண்டு கட்டைவிரலாலும் தசைநாரின் இருபக்கமும், மற்ற விரல்களால் முட்டியின் பின்பக்கமும் அழுத்திப் பிடித்து, இறுகும்வரை அசையாதீர்கள். விரல் நழுவினால் மறுபடி கட்டுங்கள். பரவாயில்லை என்று விட்ட கட்டு, சாக்கெட்டில் வந்து பழிவாங்கும்.

4. கட்டை எடுத்து, உள்ளே சோப்புத் தண்ணீர் பூசி, நடுவில் பைப் நிறுத்திப் பிளாஸ்டர் ஊற்றுங்கள். சராசரி ஸ்டம்புக்கு 3 முதல் 4 கிலோ மாவு. தண்ணீரில் மாவைத் தூவ வேண்டும். மாவில் தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டும். மழைக்காலத்தில் ஈரம் குடித்த மாவு இறுகாது. மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகையின் மேல் வையுங்கள்.

5. ஊற்றியது இறுகியதும் மேல்கட்டை உரித்தால் கிடைப்பதுதான் அச்சு. அதைத் திருத்துவதுதான் கைத்திறன் முழுதும் இறங்கும் இடம். எடை தாங்கக்கூடிய இடங்களில் சுரண்டுங்கள்: தசைநாரில் ஏறக்குறைய 1 செ.மீ. ஆழம், உள்பக்க எலும்பின் அகன்ற சரிவு, வெளி முன்பக்கத் தசை, முட்டியின் பின்பக்கம். தாங்காத இடங்களில் பூசி ஏற்றுங்கள்: சிறு எலும்பின் தலை, முன்விளிம்பு, எலும்பு நுனி, இங்கெல்லாம் 3 முதல் 5 மி.மீ. பின்பக்கம் இருபுறமும் ஓடும் தசைநார்களுக்கு வழி விடுங்கள். திருத்திய அச்சை டேப்பால் அளந்து, இரண்டாம் படியில் எடுத்த அளவோடு வரிசையாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

6. 5 மி.மீ. ஈ.வி.ஏ. நுரை ஷீட்டில் மென்மையான லைனர் செய்து அச்சுக்குப் போடுங்கள். அதன் மேல் நைலான் ஸ்டாக்கிங் ஒன்று. காற்று வெளியேற அதுதான் வழி.

7. 5 மி.மீ. பாலிப்ரொப்பிலீன் ஷீட்டை 180 டிகிரிக்கு மேல் சூடான ஓவனில் இருபது, இருபத்தைந்து நிமிடம் வையுங்கள். கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள். ஷீட் முழுதும் கண்ணாடி போலத் தெளிந்து தொய்ய வேண்டும். நடுவில் வெள்ளை தெரிந்தால் இன்னும் வேகவில்லை. இரண்டு பேர் பிடித்து அச்சின் மேல் போட்டு, விளிம்புகளை ஒட்டி, வேக்குவத்தைத் திறக்க வேண்டும். தனி ஆளாக முயன்றால் ஒரு பக்கம் மெலிந்துவிடும்.

8. ஒரு நாள் அப்படியே ஆறவிடுங்கள். அன்றே வெட்டி எடுத்தால் சாக்கெட் சுருங்கி, வாய்ப்பகுதி உள்ளே மடங்கும். அவசரம் என்று நோயாளி கேட்டாலும் இந்த ஒரு நாளை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஷீட்டில் குமிழி வந்தால் பெரும்பாலும் அச்சு ஈரமாக இருந்திருக்கும். சேலம் வெயிலில் சீக்கிரம் காயும் அச்சு, ஏற்காட்டுக் குளிரில் நாட்கணக்கில் காயாது. மலைமேல் அளவு எடுத்தாலும் கட்டைச் சேலத்துக்குக் கொண்டுவந்து ஊற்றுங்கள்.

ரெசினில் சாக்கெட் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாலியஸ்டர் ரெசினில் முடுக்கியாகப் போடும் கோபால்ட்டும், இறுக வைக்கும் பெராக்சைடும் ஒன்றோடொன்று நேரடியாகப் பட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுதும் கலக்கிய பிறகுதான் மற்றதை ஊற்ற வேண்டும். இரண்டையும் தனித்தனி அலமாரியில், தனித்தனி அளவுக் குவளையோடு வையுங்கள். சித்திரை வெயிலில் ரெசின் கோப்பையிலேயே இறுகிவிடும். காலை வேளையில் ஊற்றுங்கள்.

நிற்க வைத்தல், நடக்க வைத்தல்

பாதத்தைப் பொருத்தும்போது சாக்கெட்டை ஏறக்குறைய 5 டிகிரி முன்சாய்த்து, பாதத்தைச் சாக்கெட்டின் நடுக்கோட்டிலிருந்து 1 செ.மீ. அளவுக்கு உள்பக்கம் தள்ளித் தொடங்குங்கள். இது தொடக்கம்தான். உண்மையான நிலையை அந்த மனிதரின் நடைதான் சொல்லும்.

முதலில் இடுப்பு இரண்டும் சமமா பாருங்கள். உயரம் குறைந்தால் ஸ்டம்ப் உள்ளே இறங்கியிருக்கலாம். குழாயை நீட்டும் முன் உறையின் தடிமனைப் பாருங்கள். பிறகு நடையில் இவற்றைக் கவனியுங்கள்:

குதி ஊன்றியதும் முட்டி சடாரென்று முன்னால் மடங்கினால், குதி கடினமாக இருக்கலாம், பாதத்தின் முன்பகுதி தூக்கியிருக்கலாம் அல்லது பாதம் அதிகம் பின்னால் இருக்கலாம். போட்டிருக்கும் செருப்பின் குதி உயரம்கூடக் காரணமாகும். முட்டி பின்னால் தள்ளினால் இதற்கு நேர்மாறு. நடு நடையில் முட்டி வெளிப்பக்கம் சாய்ந்து, சாக்கெட் வாய் வெளியில் பிளந்தால் பாதம் அதிகம் உள்ளே தள்ளியிருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் சாக்கெட் மேலும் கீழும் போனால் தளர்வு. பட்டையையும் உறையையும் பாருங்கள்.

ஒரே நேரத்தில் ஒரு திருத்தம் மட்டும் செய்யுங்கள். இரண்டை மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. அடாப்டரில் நான்கு ஸ்க்ரூ இருக்கும்; ஒன்றைத் தளர்த்தி எதிர்ப்பக்கத்தை இறுக்க வேண்டும். கடைசியில் பூட்டுப் பசை இட்டு, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கைக்கணக்கில் இறுக்கிய ஸ்க்ரூ சில வாரத்தில் கிறீச்சிடத் தொடங்கும்.

நம் ஊர்க்காரர்களிடம் "வலிக்குதுங்களா?" என்று கேட்டால், பெரும்பாலும் "பரவாயில்லைங்க சார், பழகிடும்" என்றுதான் பதில் வரும். உங்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்ற மரியாதை அது. அதனால் பதிலை நம்பாமல் தோலைப் பாருங்கள். பத்து நிமிடம் நடந்ததும் காலைக் கழற்றுங்கள். தசைநார்ப் பகுதியில் சிவந்து பத்து நிமிடத்தில் மறைந்தால் சரி. சிறு எலும்பின் தலையிலோ எலும்பு நுனியிலோ சிவப்பு நின்றால் அன்று காலைக் கொடுத்தனுப்பாதீர்கள். எங்கே உரசுகிறது என்று தெரியாவிட்டால், உறையின் மேல் அந்த இடத்தில் லிப்ஸ்டிக் தடவி மாட்டிக் கழற்றுங்கள்; லைனரில் கறை பட்ட இடத்தில் சூடு காட்டி வெளியே தள்ளலாம்.

காலிப்பரும் பாதத் தாங்கியும்

பக்கவாதத்தில் பாதம் தொங்குபவருக்கான தாங்கியில் விளிம்பு எங்கே வெட்டுகிறோம் என்பதே எல்லாம். கணுக்கால் எலும்புக்குப் பின்னால் வெட்டினால் வளையும்; முன்னால் வரை விட்டால் விறைப்பாக நிற்கும். தசை இறுக்கம் அதிகமுள்ளவருக்கு வளையும் தாங்கி கொடுத்தால் பாதம் உள்ளுக்குள் திருகி, விளிம்பில் புண் வரும். குழந்தைக்கு 3 மி.மீ., பெரியவருக்கு 4 முதல் 5 மி.மீ. ஷீட்.

பிறவியிலேயே பாதம் உள்ளே வளைந்த வளைபாதக் குழந்தைகள் மாவுக்கட்டு முடிந்து வரும்போது, இரண்டு செருப்பையும் கம்பியால் இணைத்த கம்பிச் செருப்பு வேண்டும். கம்பியின் நீளம் குழந்தையின் தோள் அகலம். வளைந்திருந்த பாதம் 60 முதல் 70 டிகிரி, மற்றது 30 முதல் 40 டிகிரி வெளித்திருப்பம். முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு நான்கு வயதுவரை தூங்கும்போது. குழந்தை அழுகிறது என்று பாட்டி கழற்றி வைப்பதுதான் வளைவு திரும்பி வர முதல் காரணம். அதனால் பொருத்தும் நாளில் அம்மாவோடு பாட்டியையும் வரச் சொல்லி, இருவருக்கும் மாட்டிக் கழற்றக் கற்றுக்கொடுங்கள்.

விலை போடுவது

பாகங்களின் விலை, ஷீட், லைனர், மாவு, பட்டை, ஆள் கூலி, கரண்ட், வாடகைப் பங்கு ஆகிய எல்லாம் போக, நான்கு பின்தொடர் வருகையையும் ஒரு லைனர் மாற்றத்தையும் விலைக்குள்ளேயே சேருங்கள். பத்து சாக்கெட்டில் ஒன்றைத் திரும்பச் செய்ய நேரும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். திருத்தத்துக்குத் தனிக் காசு கேட்டால் ஆள் வரமாட்டார், புண்ணோடு நடப்பார், கடைசியில் காலைக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிடுவார்.

அனுப்புகிற மருத்துவருக்குக் கமிஷன் கொடுக்கும் பழக்கத்தில் இறங்காதீர்கள். அந்தப் பணம் பாதத்தின் தரத்திலிருந்துதான் போகும். அதற்குப் பதில், ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன பொருத்தினோம், நடை எப்படி என்று ஒரு பக்கக் கடிதம் மருத்துவருக்கு எழுதுங்கள். வேலையில் அடிபட்ட, இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உள்ள தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. கழகத்தின் வழியாகக் கால் பெறும் உரிமை உண்டு. விபத்து வழக்குள்ளவர் நீதிமன்றத்துக்கு மதிப்பீடு கேட்பார்; பாகங்களின் பெயர், எத்தனை ஆண்டுக்கு எதை மாற்ற வேண்டும் என்பதைப் பிரித்து, கூட்டாமல் குறைக்காமல் எழுதிக்கொடுங்கள்.

கொடுத்த பிறகு

ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று வரும் தேதிகளைக் காலோடு ஒரு அட்டையில் எழுதிக்கொடுங்கள். உறையைத் தினமும் துவைக்க வேண்டும். மூன்று உறை வேண்டும். புதிய ஸ்டம்ப் முதல் ஆண்டில் சுருங்கிக்கொண்டே போகும். ஒரு உறை இரண்டாகி, இரண்டு மூன்றாகியும் தளர்ந்தால் புதிய சாக்கெட் தேவை. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் நீங்கள் மோசமான கால் கொடுத்ததாகவே நினைப்பார்.

சேர்வராயன் மலைக் கிராமங்களில் இருப்பவர்களுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவது ஒரு நாள் கூலி இழப்பு. மாதம் ஒருமுறை நீங்கள் மேலே போய் ஒரு இடத்தில் உட்காருங்கள். பையில் ஹீட் கன், அல்லன் கீ செட், டார்க் ரெஞ்ச், பூட்டுப் பசை, ரிவெட்டும் பட்டையும், 3 மி.மீ., 5 மி.மீ. ஈ.வி.ஏ. துண்டுகள், ஒட்டுப் பசை, உறைகள், மோனோஃபிலமெண்ட், நோயாளிகளின் அளவுத் தாள்கள். சாக்கெட்டையே மாற்ற வேண்டியவரை மட்டும் சேலத்துக்கு வரச் சொல்லி, வரும் தேதியை அங்கேயே எழுதிக்கொடுங்கள்.